தலையசைப்புக்கு ஒரு அப்பீல்

வக்கீல் ஆபீஸ் கிராணியை, அதாவது குமாஸ்தாவைத் தேடி யாரும் நல்ல செய்தியோடு வருவதில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவன்கூட, பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டு, "அப்படியே பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு சின்ன நோட்டீஸ் விடணும்" என்று இழுப்பான். ஜொகூர் பாருவில் பேனா பிடித்துக் காலம் தள்ளியவன் நான். வக்கீலிடம் ஒரு திட்டும் வழக்கு கொண்டுவந்தவரிடம் இரண்டு திட்டுமாக வாங்கிப் பழகிய அன்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். நம் தொழிலில் நன்றி சொல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கோத்தா திங்கி துப்பாக்கிச் சூட்டு வழக்கு எங்கள் ஆபீசுக்கு வரும்வரை நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அஞ்சலையின் சந்தேகம்

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் சம்பளத்தைக் குறைத்த காலம். கோத்தா திங்கி பக்கத்தில் நம் ஆட்கள் இரண்டு சங்கமாகப் பிரிந்து நின்றார்கள். அரசாங்கத்துக்கு மனுப் போட்டுவிட்டுப் பொறுமையாக இருப்போம் என்றது ஒன்று. வேலையை நிறுத்தினால்தான் வழி பிறக்கும் என்றது மற்றது. இரண்டு சங்கத்துக்கும் மூச்சு வாங்குகிற அளவுக்கு நீளமான பெயர்கள் இருந்ததால், ஆபீசில் நாங்கள் மனுக் கட்சி, ஸ்டிரைக் கட்சி என்றே சொல்லிக்கொண்டோம். மனுக் கட்சியின் பெரிய பேச்சாளர் சபாபதி. டவுனில் துணிக்கடை வைத்திருந்தவர். ஸ்டிரைக் கட்சிக்குக் குரல் கொடுத்தவன் முத்துவேலு. பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிற தொழிலாளி.

ஒரு சாயங்காலம் ஆற்றங்கரைத் திடலில் சபாபதி பேசிக்கொண்டிருந்தபோது கூட்டத்திலிருந்து யாரோ சுட்டார்கள். குண்டு அவர் தாடையை உடைத்துக்கொண்டு போனது. உயிர் பிழைத்தார், பேச்சுதான் போயிற்று. துப்பாக்கி கிடைக்கவில்லை. ஆனால் மனுக் கட்சி ஆட்கள் மூன்று பேர், சுட்டது முத்துவேலுதான், கண்ணால் பார்த்தோம் என்று சாட்சி சொன்னார்கள். அவனுக்கு வாதாட வக்கீல் யாரும் இல்லை. பதினைந்து வருஷம் கடுங்காவல் என்று தீர்ப்பாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவன் மனைவி அஞ்சலை, இடுப்பில் கைக்குழந்தையோடு எங்கள் படியேறி வந்தாள். எங்கள் வக்கீல் இராசநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தால் இங்கிலீஷ், மனசு இளகினால் யாழ்ப்பாணத் தமிழ், மற்ற நேரத்தில் மௌனம். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அழாதை பிள்ளை. நாங்கள் அப்பீல் செய்வம்" என்றார். அஞ்சலை தலையாட்டினாள். அவர் உள்ளே போனதும் என் மேஜைப் பக்கம் நகர்ந்து வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அப்பீலுன்னா என்னங்க கிராணி ஐயா? இன்னொரு தடவ கேப்பாங்களா, இல்ல இன்னொரு தடவ தண்டிப்பாங்களா?"

கோபக்காரனின் நியாயம்

முத்துவேலுவைப் பார்க்க வக்கீலோடு நானும் சிறைக்குப் போனேன். தண்டனை பெற்றவன் சோர்ந்து கிடப்பான் என்று நினைத்துப் போனால், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவன் முதலில் கேட்டது, "எங்க சங்கம் இருக்குதுங்களா, கலைஞ்சிருச்சுங்களா?" என்றுதான். இரண்டாவதாகத்தான் குழந்தையை விசாரித்தான். எனக்கு அவன்மேல் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

வக்கீல் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். "உமக்கு எதிராய் நிக்கிறது உம்முடைய வாய்தான். முந்தின கிழமைக் கூட்டத்தில, சபாபதியின்ர வாயை மூடிக் காட்டுறன் எண்டு சொன்னனீரோ?" சொன்னதாக அவன் ஒப்புக்கொண்டான். அரசாங்க வக்கீல் கீழ்க்கோர்ட்டில் பிடித்துக்கொண்டதே அந்தப் பேச்சைத்தான். வாயை மூடுகிறேன் என்றான், அடுத்த வாரமே வாயில் குண்டு பாய்ந்தது, இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று வாதித்திருந்தார்.

"அவரு மனு போட்டு எத்தனையோ நாளாச்சுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எல்லார் முன்னாடியும் கேட்டா வாய மூடிக்குவாரு. அதைத்தான் சொன்னேன்" என்றான் முத்துவேலு. வக்கீல் எழுதிக்கொண்டே இருந்தார். அந்த மௌனத்தை நம்பிக்கையில்லாத மௌனம் என்று அவன் எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "நெசமாவே சுடுறவன் மேடையில ஏறி ஊருக்கே சொல்லிட்டா சார் சுடுவான்? எனக்குக் கோவம் ஜாஸ்திதான். புத்தி அவ்வளவு கம்மி இல்ல."

ஆமாவும் இல்லையும்

கீழ்க்கோர்ட்டு விசாரணையின் நகல் வந்து சேர்ந்தது. வக்கீல் அதை அறையைச் சாத்திக்கொண்டு படித்தார். திடீரென்று "சோமு!" என்று ஒரு சத்தம். ஓடினேன்.

"காலமை சாப்பிட்டீரோ?" என்றார். சாப்பிட்டேன் என்பதற்குத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தேன். "சிங்கப்பூருக்கு மாறிப் போகப் போறீரோ?" ஐயோ, இல்லை என்று தலையை வேகமாகத் திருப்பி ஆட்டினேன். "இரண்டும் ஒண்டோ?" என்று கேட்டார். இதென்ன கேள்வி, பச்சைக் குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியுமே என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. எனக்கு விஷயம் புரியவில்லை.

பிறகு நகலில் ஓர் இடத்தைக் காட்டினார். ஆஸ்பத்திரியில் வாய் கட்டப்பட்டுக் கிடந்த சபாபதியிடம் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஒருவர் போய், "முத்துவேலுவா சுட்டான்?" என்று கேட்டிருக்கிறார். தமிழ்ப் பரீட்சை பாஸ் செய்தவர். ஆகவே மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிப்போகவில்லை. சபாபதி தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார்; இந்தியர்களிடம் அதற்கு 'ஆமாம்' என்று பொருள் என்று இன்ஸ்பெக்டர் சாட்சி சொல்லியிருக்கிறார். நீதிபதியும் நம்பிவிட்டார். சாட்சிகள் மூன்று பேரும் எதிர்க்கட்சி ஆட்களாக இருந்தும் தண்டனை விழுந்ததற்கு இந்தத் தலையசைப்புதான் பெரிய காரணம். வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தமிழ் தெரியாத ஆளாய் இருந்திருந்தால் ஒரு துபாசியைக் கூட்டிக்கொண்டு போயிருப்பான், சோமு. அரைவாசி தெரிஞ்சதுதான் முத்துவேலுவைப் பிடிச்சது."

யூசோப் கண்ட பிழை

அப்பீல் மனுவைக் கெடுவுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கெடு முடிவது வெள்ளிக்கிழமை; அன்று ஜொகூரில் கோர்ட்டுக்கு வாரவிடுமுறை. எங்கள் தட்டச்சுக்காரர் லிம் அவசர அவசரமாக அடித்துக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு, வியாழக்கிழமை கதவு சாத்துகிற நேரத்துக்கு மூச்சிரைக்கப் போய் நின்றேன். கோர்ட்டுக் குமாஸ்தா யூசோப், தொப்பியைத் தலையில் வைத்துக் கிளம்பத் தயாராக இருந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றித் திரும்ப ஆணியில் மாட்டினார்.

முத்திரை குத்திவிட்டு அனுப்பினால் போதும் அவருக்கு. அப்படிச் செய்யவில்லை. உட்கார்ந்து முதல் பக்கத்தைப் படித்தார். "அலமாக்!" என்றார், நாம் ஐயையோ என்பதுபோல. சுடப்பட்டவர் பெயர் இருக்க வேண்டிய இடத்திலும் லிம் முத்துவேலுவின் பெயரையே அடித்திருந்தார். தன் பேனாவையே என்னிடம் நீட்டி, திருத்திக் கையெழுத்துப் போடச் சொல்லி, மை காய்கிறவரை விசிறியும் விட்டார். அந்த மனிதருக்கு முத்துவேலு யாரோ, நான் யாரோ. நான் நன்றி சொல்லத் தொடங்கியதும் சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னார்: "தன்னைத் தானே சுட்டுக்கொண்டவன் என்று படித்தால் நீதிபதி உங்கள் ஆளை அப்போதே விட்டுவிடுவார், அப்புறம் உங்கள் வக்கீலைப் பிடித்துக்கொள்வார்."

டாக்டர் போட்ட தடை

சபாபதி அன்றைக்கு ஆமாம் என்றாரா, இல்லை என்றாரா? அதை அவரிடமே கேட்டுவிட்டு வரச் சொல்லி வக்கீல் என்னைக் கோத்தா திங்கிக்கு அனுப்பினார். மழைக்காலம். ஆறு கரையைத் தாண்டி ரோட்டுக்கு வந்திருந்தது. டவுனுக்கு வெளியிலேயே பஸ் நின்றுவிட்டது. அங்கே சாமான் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெரியவர், தன் படகில் இடம் ஒதுக்கிக் கடைத்தெருவில் கொண்டுபோய் இறக்கினார். அந்த நன்றியும் இங்கேயே எழுதிவிடுகிறேன். அவர் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

துணிக்கடையில் வெள்ளத்துக்குப் பயந்து துணிக்கட்டுகளை மேல்தட்டில் ஏற்றியிருந்தார்கள். வாசலில் மனுக் கட்சியின் காரியதரிசி, இன்னும் இரண்டு பேரோடு உட்கார்ந்திருந்தார். கண்ணால் பார்த்தோம் என்று சாட்சி சொன்ன மூவரும் அவர்கள்தான். நான் யார், எதற்கு வந்தேன் என்று மறைக்காமல் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சபாபதி ஐயா தலையை ஆட்டினாராம், அதை 'ஆமாம்' என்று எழுதியிருக்கிறார்கள், அது சரிதானா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றேன். மரியாதையாகத் தேநீர் கொடுத்தார்கள். உள்ளே மட்டும் விடவில்லை. கடைக்குப் பின்பக்கம் ஒரு திரை தொங்கியது. அதற்குக் கீழே இரண்டு பாதங்கள் அசையாமல் நின்றன.

"அவரால பேச முடியாதுங்க. பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றார் காரியதரிசி. எதுவரைக்கும் பேசக் கூடாதாம் என்று விசாரித்தேன். அவர் தேநீர்க் கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னார்: "அப்பீல் முடியிற வரைக்கும்."

தாடையில் துண்டு கட்டியவர்

வெறுங்கையோடு திரும்பிய எனக்கு வக்கீலின் இங்கிலீஷ்தான் கிடைத்தது. விசாரணைத் தேதியும் நெருங்கியது. ஒரு நாள் காலை ஆபீஸ் கதவைத் திறந்தபோது படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து தாடையைச் சுற்றி வெள்ளைத் துண்டு. புண்ணுக்கு மருந்து கட்ட ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார் சபாபதி.

வாயின் ஒரு ஓரத்தால்தான் பேச முடிந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. "திரைக்குப் பின்னால இருந்து நீங்க சொன்னதக் கேட்டேன். நான் ஆமான்னு சொன்னதா எழுதியிருக்காங்கன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்" என்றார். ஆஸ்பத்திரியில் கிடந்தவரிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. குற்றவாளி பிடிபட்டான், தண்டனை ஆகிவிட்டது என்று மட்டும், பெயர் சொல்லாமல், சொல்லியிருந்தார்கள். சுட்ட நேரத்தில் முத்துவேலு அவருக்கு நேர் எதிரே, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "மனு என்ன ஆச்சு?" என்று கத்திக்கொண்டிருந்தானாம். குண்டு வந்தது இடது பக்கத்திலிருந்து. யார் சுட்டது என்று அவர் பார்க்கவில்லை.

வக்கீல் அவருக்கு வெந்நீர் வரவழைத்துக் கொடுத்தார். "இதைக் கோர்ட்டில சொன்னால் உம்முடைய ஆட்கள் மூண்டு பேரும் பொய்ச் சாட்சி ஆயிடுவினம். அவையள் உம்மைச் சும்மா விடமாட்டினம். யோசிச்சுத்தான் வந்தனீரோ?" என்று கேட்டார். "அவங்க பாக்கணும்னு ஆசப்பட்டதப் பாத்துட்டாங்க" என்றார் சபாபதி. அவர்கள்மேல் கோபம்கூட இல்லை. இவ்வளவு காலம் உங்களை மேடையில் ஏசியவனுக்காக ஏன் இந்த வலி என்று நான் குறுக்கிட்டுக் கேட்டுவிட்டேன். கிராணி கேட்கக்கூடாத கேள்வி. அவர் துண்டை இறுக்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "அவன் கட்சி தோக்கணும். அது எனக்கு ரொம்ப முக்கியம். ஆனா ஜெயில்ல இருந்துகிட்டுத் தோக்கக் கூடாது. என் முன்னால நின்னு தோக்கணும்."

இன்ஸ்பெக்டரின் பதில்

அப்பீலை மூன்று நீதிபதிகள் கேட்டார்கள். கோர்ட்டில் ஒரு பக்கம் ஸ்டிரைக் கட்சி, இன்னொரு பக்கம் மனுக் கட்சி. முடிந்துபோன விசாரணையில் புதுச் சாட்சியைக் கொண்டுவரக் கூடாது என்று அரசாங்க வக்கீல் மறித்தார். எங்கள் வக்கீல், சாட்சி புதியதல்ல, கீழ்க்கோர்ட்டு ஏற்றுக்கொண்ட அதே தலைதான், இப்போது அதற்கு வாயும் வந்திருக்கிறது என்றார். நடுவில் உட்கார்ந்திருந்த நீதிபதி மற்ற இருவரிடமும் முணுமுணுத்துவிட்டு, சபாபதியைக் கூப்பிடச் சொன்னார். அவர் கூண்டில் ஏறியதும் காரியதரிசியும் அவர் ஆட்களும் நாற்காலி சத்தம் கேட்க எழுந்து வெளியே போனார்கள். சபாபதி அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கூண்டுக் கட்டையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப்போயின.

"சாட்சி பேச வேண்டாம். ஆஸ்பத்திரியில் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள்" என்றார் நீதிபதி. மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "முத்துவேலுவா உங்களைச் சுட்டான்?" சபாபதி தலையை இடமும் வலமுமாக அழுத்தித் திருப்பினார். அடுத்து, "உங்கள் பெயர் சபாபதியா?" தலை மெதுவாகத் தோளைப் பார்த்துச் சாய்ந்து நிமிர்ந்தது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பின்வரிசையில் இருந்த இன்ஸ்பெக்டரை எழுந்திருக்கச் சொன்னார். அன்றைக்குப் பார்த்தது இவற்றில் எது?

அவர் மழுப்பியிருக்கலாம். நினைவில்லை என்று சொன்னால் யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. சின்ன வயசு, முன்னுக்கு வர வேண்டியவர், மேலதிகாரிகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். முகம் சிவக்க நிமிர்ந்து நின்று சொன்னார்: "முதலாவது, லார்ட்ஷிப். அவர் அன்றைக்கே 'இல்லை' என்றுதான் சொன்னார், எனக்குத்தான் புரியவில்லை."

அஞ்சலை விசாரித்தது

சில நாள் கழித்துத் தீர்ப்பு வாசித்தார்கள். மேடையில் கோபமாகப் பேசியது துப்பாக்கி எடுத்ததற்கு அத்தாட்சி ஆகாது என்று ஒரு வரி. எதிர்க்கட்சி ஆட்களின் சாட்சியைச் சுடப்பட்டவரே மறுத்துவிட்டார் என்று ஒரு வரி. வாசித்ததெல்லாம் இங்கிலீஷ். அஞ்சலை நீதிபதியைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்டனை ரத்து என்ற இடம் வந்ததும், "விட்டுட்டாங்கம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவளுக்குக் கேட்டுவிட்டது.

அழுவாள், கும்பிடுவாள் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். கூண்டிலிருந்து முத்துவேலுவை இறக்குகிறவரை அவனையே பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து முதல் வார்த்தையாகக் கேட்டாள்: "அந்தத் துணிக்கடை ஐயாவுக்குத் தாட இன்னும் வலிக்குதுங்களா?"

முன்வரிசையில் முத்துவேலு

விடுதலையானவன் நேராக எங்கள் ஆபீசுக்கு வந்து வக்கீல் காலில் விழப் பார்த்தான். "எழும்பும், எழும்பும். இதைக் கோத்தா திங்கியில போய்ச் செய்யும்" என்று விரட்டினார் அவர். போய்ச் செய்தானாம். சபாபதி கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாராம். சபாபதிக்கு நடந்தது நல்லதில்லை. மனுக் கட்சி அவரைச் சங்கத்திலிருந்து விலக்கியது. பழைய வாடிக்கையாளர்கள் பலர் அடுத்த கடைக்கு மாறினார்கள். அவர் அசரவில்லை. மனுதான் சரியான வழி என்று தனியாகவே கூட்டம் போட ஆரம்பித்தார். சுட்டவன் யார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகொரு சமயம் ஓர் உயில் விஷயமாக நான் கோத்தா திங்கி போனபோது, அதே ஆற்றங்கரைத் திடலில் சபாபதி பேசிக்கொண்டிருந்தார். பழைய கணீர்க் குரல் போய்விட்டது. காற்றுதான் பாதி வந்தது. பின்னாலிருந்தவர்கள் "கேக்கல, கேக்கல" என்று கூச்சல் போட்டார்கள். சிலர் சிரித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முத்துவேலு துள்ளி எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்: "சத்தம் போடாதீங்கப்பா! அவரு பேசுறது காதுல விழுந்தாத்தானே நான் எதுத்துப் பேச முடியும்?"

வக்கீல் கிராணி வேலை எனக்குக் கூன் முதுகையும் மங்கின கண்ணையும் கொடுத்தது உண்மைதான். ஆனாலும், எதிராளிக்காக உடைந்த தாடையோடு பஸ் ஏறி வந்த மனிதர் ஒருவரை நேரில் பார்க்க வைத்ததும் அதே வேலைதான் என்பதால், இப்போதெல்லாம் தொழிலைத் திட்டும்போது கொஞ்சம் மெதுவாகவே திட்டுகிறேன்.